கியூபெக்கும் ஆற்று வற்றமும்

நேயர்களுக்கு வணக்கம்.

வட அமெரிக்கா பிரெஞ்சுக்காரருக்கா, ஆங்கிலேயருக்கா என்ற வழக்கு, கனடாவில் அப்போது பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த கியூபெக் நகரில் கால் மணி நேரத்தில் தீர்ந்தது என்பார்கள். 1759 செப்டம்பர் 13 காலையில் நடந்த சண்டை அவ்வளவு நேரந்தான். ஆனால், நகரை ஒட்டி ஓடும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றை விட்டுவிட்டு அந்தக் கால் மணியைப் பேசிப் பயனில்லை.

கடலிலிருந்து வெகு உள்ளே இருந்தாலும் கியூபெக்கில் கடலின் ஏற்றமும் வற்றமும் தெரியும். ஜூலை 31 அன்று நகருக்கு அருகே மான்மொரென்சியில் ஆங்கிலத் தளபதி வுல்ஃபின் படகுகள் பாறைத் திட்டில் தட்டி நின்றன. கரையேறுவதற்குள் நேரம் போயிற்று. ஆங்கிலேயரில் நானூறு பேருக்கு மேல் மாண்டும் காயப்பட்டும் போனார்கள்.

செப்டம்பரில் வுல்ஃப் நகருக்கு மேற்கே, ஆற்றின் மேற்பகுதியிலிருந்து புறப்பட்டார். இரவு இரண்டு மணிவாக்கில் வற்றம் தொடங்கியதும் கப்பலின் பாய்மரத்தில் இரண்டு விளக்குகள் ஏறின. முதல் தொகுதியாகச் சுமார் 1,700 பேர் தட்டையடிப் படகுகளில் ஓட்டத்தோடு இறங்கினார்கள். பிரெஞ்சு மாவுப் படகுகள் அதே இரவு அதே வழியில் வருவதாக இருந்தது. அந்தப் பயணம் ரத்தானதைக் கரைக் காவலருக்கு யாரும் சொல்லவில்லை! "யாரது?" என்ற குரலுக்கு ஓர் அதிகாரி பிரெஞ்சிலேயே பதில் சொல்ல, படகுகள் நகர்ந்தன.

இறங்கிய இடத்துக்கு மேலே சுமார் 50 மீட்டர் செங்குத்துக் கரை. அங்கே காவலுக்கு இருந்தவர் பிரெஞ்சு அதிகாரி வெர்கோர், 1755இல் போசெஜூர் கோட்டையை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த அதே ஆள். அவரை அங்கே வைத்தவரைத்தான் குறை சொல்ல வேண்டும். விடிந்தபோது மேட்டில் ஆங்கிலேயர் சுமார் 4,400 பேர் இரண்டே வரிசையில் நின்றார்கள்.

பிரெஞ்சுத் தளபதி மொன்கால்ம் அவசரப்பட்டார். அவருடைய அதிகாரி புகான்வில் ஏறக்குறைய 3,000 பேரோடு பின்னால் வரவிருந்தார். எதிரி பதுங்குகுழி வெட்டிவிடுவான் என்று அஞ்சி மொன்கால்ம் காத்திருக்கவில்லை. நிரந்தரப் படையோடு ஊர்க்காவலரையும் கலந்திருந்தார். ஊர்க்காவலர் சுட்டதும் தரையில் படுத்து மருந்து கெட்டிப்பார்கள். காட்டுச் சண்டைக்கு அது சரி, அணிவகுப்பில் வரிசை குலைந்தது. ஆங்கிலேயர் துப்பாக்கிக்கு இரண்டு குண்டு போட்டு, நாற்பது கெஜம் வரும்வரை பொறுத்துச் சுட்டார்கள். தளபதிகள் இருவருமே மாண்டார்கள். 18ஆம் தேதி நகரம் பணிந்தது.

கதை முடியவில்லை. நவம்பரில் பிரான்ஸ் கரையிலுள்ள கிபெரான் விரிகுடாவில் பிரெஞ்சுக் கடற்படை நொறுங்கியது. இதே ஏழாண்டுப் போரில் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியும் வராத கப்பலுக்காகக் காத்திருந்து 1761 ஜனவரியில் விழுந்தது.

1760 ஏப்ரல் 28. கியூபெக்கை அடுத்த செயின்ட் ஃபுவாவில் பிரெஞ்சுத் தளபதி லெவி ஆங்கிலேயரை வென்று கியூபெக்கை முற்றுகையிட்டார். ஆற்றில் பனி உடைந்துகொண்டிருந்தது. முதலில் யாருடைய கப்பல் வரும்? மே 9 அன்று ஒன்று வந்தது. கொடி தெரியும்வரை இரு தரப்பாரும் கண்கொட்டாமல் பார்த்திருந்தார்கள். ஏறியது ஆங்கிலக் கொடி. அடுத்த வாரம் மேலும் கப்பல்கள் வர, லெவி பீரங்கிகளைப் போட்டுவிட்டு மொன்ரியாலுக்குத் திரும்பினார்.