நம்ம மில்லு, உங்க மில்லு

வணக்கம் நேயர்களே. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில், பர்சனல் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். ஒரு தீபாவளியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அதுவரை 20 சதவீதம் போனஸ் கொடுத்துவந்த மில், அந்த வருஷம் 8.33 என்று டைம் ஆபீஸ் பலகையில் நோட்டீஸ் ஒட்டியது. சட்டப்படி தப்பில்லை, குறைந்தபட்சம் அவ்வளவுதான். ஒட்டச் சொன்னதே நான்தான். ஸ்பின்னிங்கில் இருந்த ஓர் அக்கா என் மேஜைக்கு வந்தார். "காசு கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போகுதுங்க சார். ஏன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

சங்கு ஊதின பிறகும் பக்கத்து மெஷினில் இழை அறுந்திருந்தால் ஒட்டிவிட்டுப் போகிறவர் அவர். அந்த நோட்டீஸுக்கு அப்புறம், சங்கு ஊதினால் நேராக கேட்டுக்குத்தான். "நம்ம மில்லு" என்று சொல்லிவந்தவர் "உங்க மில்லு" என்று பேச ஆரம்பித்தார். வேலையை மட்டும் விடவில்லை. மகள் காலேஜில் படிக்கிறாள், எங்கே போவார்?

ஜான் மேயர், நதாலி ஆலன் என்ற கனடா உளவியலாளர்கள் 1991-இல் இதைத்தான் பிரித்துக் காட்டினார்கள். பிடித்துப்போய் ஓரிடத்தில் இருக்கலாம், போக வழியில்லாமல் இருக்கலாம், விட்டுப் போவது முறையல்ல என்று நினைத்தும் இருக்கலாம். வருகைப் பதிவேட்டில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். அக்கா முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வந்துவிட்டார். என் ரிஜிஸ்டரில் ஒன்றும் மாறவில்லை.

அமெரிக்காவில் ஜெரால்டு கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு ஆலைகளில், ஆர்டர் கைவிட்டுப் போனதால், 10 வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் வெட்டு. ஓர் ஆலையில் தலைவரே வந்து கணக்கைக் காட்டி, வருத்தம் சொல்லி, கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். மற்றதில் சட்டென்று சொல்லி முடித்துவிட்டார்கள். சாமான் திருட்டு இரண்டிலும் கூடியது; இரண்டாவதில் ரொம்பவே. வேலையை விட்டவர்களும் அங்கேதான் அதிகம். திருட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வெட்டு என்னவோ இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான்.

சரி, எங்கள் மில்லுக்கு வருவோம். அடுத்த வருஷமும் 8.33 தான். ஆனால் புதிதாக வந்த மேனேஜர் நோட்டீஸ் ஒட்டவிடவில்லை. கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து, பஞ்சு வாங்கின விலை, நூல் விற்ற விலை, கரண்ட் பில் மூன்றையும் கரும்பலகையில் எழுதினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் கேள்விகள், சில காரசாரமானவை. கடைசியில் அந்த அக்கா எழுந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"பஞ்சு வெலை தையிலயாவது எறங்குமுங்களா?" என்று கேட்டார்.