பூட்டிய நாட்டில் திறந்திருந்த சாலை

நேயர்களுக்கு வணக்கம். நம் தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் செல்லும் என்3 நெடுஞ்சாலையில் பயணம் செய்யாத குடும்பம் நம்மிடையே அரிது. அச்சாலையில் ஆரஞ்சு மேலங்கியுடன் நிற்கும் பணியாளர்களை நாம் கையசைத்துக்கூடப் பார்ப்பதில்லை. இன்று அவர்களைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

2020 மார்ச் 26 நள்ளிரவில் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது மாகாண எல்லையைத் தாண்டுவதற்குத் தடை வந்தது. சரக்கு லாரிகள் ஓடின. பின்னர், இறுதிச் சடங்குக்குச் செல்லும் நெருங்கிய உறவினர்களுக்கு அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. ஆனால் உணவகங்கள் மூடிக் கிடந்தன. சமைத்த சூடான உணவை விற்பதும் தடை செய்யப்பட்டது. சாலையை அத்தியாவசியம் என்று கருதிய அரசு, அதில் செல்பவனுக்குப் பசிக்கும் என்பதை மட்டும் மறந்துவிட்டது.

ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் வசிக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி, மாமியாரின் இறுதிச் சடங்குக்காக மனைவியுடன் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நோக்கி வந்துகொண்டிருந்தார். ஹாரிஸ்மித்தைத் தாண்டி, வான் ரீனென் கணவாய்க்குச் சற்று முன்னால், காரின் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. ஏப்ரல் மாதத்து மாலைக் குளிர் அங்கே எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். திறந்த பட்டறை ஒன்றுகூட இல்லை.

நெடுஞ்சாலை ரோந்து வண்டியில் வந்த பணியாளர் முதலில் காரைத் தொடவில்லை. இருவரையும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நிற்கச் சொல்லிவிட்டு, காருக்குப் பின்னால் வெகுதூரம் வரை கூம்புகளை வைத்தார். (நின்றுபோன காருக்குள்ளேயே அமர்ந்திருக்கும் வழக்கத்தை நம்மவர்கள் தயவுசெய்து கைவிட வேண்டும், பின்னால் வரும் லாரிக்கு அது நிற்கும் கார் என்பது கடைசி நொடியில்தான் தெரியும்.) பிறகு தம் பிளாஸ்கை இரண்டு காகிதக் கோப்பைகளுடன் கார் முகப்பின்மேல் வைத்துவிட்டுச் சில அடி விலகி நின்றார். அவர்கள் தேநீரை ஊற்றிக் குடித்து முடித்த பிறகே அருகில் வந்தார். எஞ்சின் ஆறியதும் குழாயில் பட்டையை இறுகச் சுற்றி, தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏறாதிருக்க மூடியைத் தளர்த்திவிட்டு, லேடிஸ்மித் வரை மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டுப் பின்னாலேயே வந்தார். மறுநாள் காலைத் தகனத்துக்கு அவர்கள் நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்கள்.

கூம்பு வைப்பது அவருடைய வேலை. தேநீர் கொடுப்பது அல்ல. அதைத்தான் திரும்பவும் சொல்கிறேன், தேநீர் எந்தக் கையேட்டிலும் இல்லை. தொற்றுக்கு அஞ்சி அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயிருந்தாலும் யாரும் குறை கூறியிருக்க முடியாது.

சுங்கச் சாவடிப் பணியாளர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலைகளில் 2020 மார்ச் 26 முதல் ஏப்ரல் 19 வரை கட்டண வசூல் நிறுத்தப்பட்டிருந்தது. இங்கோ சாவடிகள் இயங்கின. எத்தனையோ பேர் தொட்ட பணத்தைக் கையுறையோடு வாங்கி, சில்லறையோடு ‘பத்திரமாகப் போங்கள்’ என்று சொல்லி அனுப்பியவர்கள் அவர்கள்.

நேரம் நெருங்குவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். அவ்வாண்டு டிசம்பரில், ஜிம்பாப்வேக்குச் செல்லும் பைட்பிரிட்ஜ் எல்லையில் பயணிகளும் லாரி ஓட்டுநர்களும் நாள்கணக்கில் வரிசையில் தவித்ததைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: அடுத்த பேரிடர்த் திட்டத்தில் நெடுஞ்சாலைக் கழிப்பறை, குடிநீர், சூடான உணவு ஆகிய மூன்றும் எழுத்தில் இடம்பெற வேண்டும். நன்றி, வணக்கம்.