லீவரைத் தொட்டால் போதாது

நேயர்களுக்கு வணக்கம். கியர் என்றதும் வத்தலக்குண்டு மலைப்பாதையில் இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு இறங்கும் பஸ்தான் நமக்கு நினைவுக்கு வரும். எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடர் விமானத்தை ஓட்டுபவர்கள் கியர் என்பது தரையிறங்கும் சக்கரத்தை. கொடைக்கானலில் ஓடுபாதை ஏது என்பீர்கள். சமவெளிக்குப் போய்ப் பறக்கக் கற்க நினைக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

ஏஎஸ்கே 21 போன்ற பயிற்சிக் கிளைடர்களில் சக்கரம் மடங்காது. மடங்கும் சக்கரமுள்ள ஒற்றை இருக்கைக் கிளைடருக்கு மாறும்போதுதான் வம்பு. இறக்க மறப்பது எல்லோருக்கும் புரியும். இன்னொரு கூத்தும் உண்டு: மேலே போனதும் மடக்க மறந்தவர், இறங்கும் நேரத்தில் பழக்கதோஷத்தில் லீவரை நகர்த்தி, கீழேயே இருந்த சக்கரத்தை உள்ளே இழுத்துவிடுவார். வாய் "சக்கரம்" என்றது, கையும் அசைந்தது, சக்கரம் மட்டும் வயிற்றுக்குள். அதனால் லீவர் எங்கே நிற்கிறது என்பதைப் பக்கத்துக் குறியோடு கண்ணால் ஒப்பிடுங்கள். எந்தப் பக்கம் தள்ளினால் இறங்கும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். லீவர் பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொண்டதா? அரைகுறையாகப் பூட்டினால் தரை தட்டியதும் சக்கரம் மடிந்துவிடும்.

இதைச் செய்யும் நேரம், இறங்குவதென்று முடிவானதும், சர்க்யூட்டில், அதாவது இறங்கும் முன் களத்தை ஒட்டிச் சுற்றிவரும் பாதையில், நுழையும் முன். தாழ்வான உயரத்திலும் ஏறுகாற்றைத் தேடிக்கொண்டிருப்பவருக்குத்தான் இது தவறிப்போகும்.

எச்சரிக்கைக் கருவி எளியது. ஏர்பிரேக்கில், அதாவது கிளைடரைக் கீழிறக்க இறக்கையில் எழும்பும் தடுப்புப் பலகையின் இயக்கத்தில், ஒரு சுவிட்ச், சக்கர லீவரில் ஒன்று. சக்கரம் மடங்கியிருக்க ஏர்பிரேக் பூட்டு திறந்தால் பஸ்ஸர் அலறும். பேட்டரி தீர்ந்தாலோ, கம்பி அறுந்தாலோ, சுவிட்சின் காந்தம் நகர்ந்தாலோ அது வாய் திறக்காது. நல்ல உயரத்தில், சக்கரம் மடங்கியிருக்கையில், ஏர்பிரேக்கை ஒரு நொடி திறந்து சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பெரும்பாலோர் ஏர்பிரேக்கைத் திறப்பதே கடைசித் திருப்பத்துக்குப் பிறகு. அப்போது அலறினால் என்ன செய்வது? வலது கையில் கிளைடரைச் செலுத்தும் ஸ்டிக், இடது கையில் ஏர்பிரேக் பிடி. சக்கர லீவர் வலப்பக்கம் இருந்தால் கை மாற்ற வேண்டும். அந்தக் குழப்பத்தில் மூக்கு மேலும் கீழும் ஆடும். தரை நெருங்கிவிட்டால் சக்கர லீவரைத் தொடாதீர்கள். புல்தரையில் நிதானமாக வயிற்றால் இறங்கினால் பெரும்பாலும் அடிப்பக்கம் உராய்வதோடு போகும். சக்கரமும் அதன் ஸ்பிரிங்கும் தாங்கும் அதிர்ச்சி இப்போது முதுகெலும்புக்கு வரும் என்பதால் மெதுவாக, சமமாகத் தொட வேண்டும். கீழே நிற்பவர்களும் அந்தக் கடைசி நொடிகளில் ரேடியோவில் "கியர், கியர்" என்று கத்தாதீர்கள்.