அடுத்த அளவீட்டை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

எல்லோருக்கும் வணக்கம்.

வைரம் என்பது கார்பன் அணுக்களின் அடுக்கு. அதில் ஓரிடத்தில் கார்பனுக்குப் பதிலாக நைட்ரஜன் புகுந்து, பக்கத்து இடம் காலியாகவும் இருந்தால், அங்கே நமக்கு ஓர் அருமையான காந்த உணரி கிடைத்துவிடுகிறது. அங்குள்ள எலக்ட்ரானின் தற்சுழற்சி, அதாவது அதை ஒரு குட்டிக் காந்தம்போல ஆக்கும் பண்பு, காந்தப்புலத்துக்கு ஏற்பச் சுற்றும். புலம் 1 நானோடெஸ்லா கூடினால் நொடிக்கு 28 சுற்று கூடும். பூமியின் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால் 1 நானோடெஸ்லா அதில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான்.

சிக்கல் படிப்பதில் இருக்கிறது. தற்சுழற்சியைக் கொஞ்ச நேரம் சுற்றவிட்டு லேசரால் படித்தால், கிடைப்பது 0 அல்லது 1, அவ்வளவுதான். அதிக நேரம் சுற்றவிட்டால் நுட்பம் கூடும். ஆனால் கடிகார முள்ளைப் போல, எங்கே நிற்கிறது என்று தெரியுமே தவிர, எத்தனை சுற்று சுற்றியது என்று தெரியாது. 1 மைக்ரோநொடி விட்டால் சுமார் 36 மைக்ரோடெஸ்லாவுக்கு ஒரு முழுச்சுற்று. 100 மைக்ரோநொடி விட்டால் 0.36 மைக்ரோடெஸ்லாவுக்கே ஒரு சுற்று முடிந்துவிடும். அந்த இடைவெளி விட்டுவிட்டு அமைந்த புலங்கள் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும்.

இங்கேதான் பேய்ஸ் முறை, அதாவது விடை வரவர நம் கணிப்பைத் திருத்திக்கொள்ளும் நிகழ்தகவு முறை, கைகொடுக்கிறது. புலம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஒரு நிகழ்தகவு வளைகோட்டை வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு விடைக்கும் அது மாறும். வளைகோட்டில் இரண்டு சிகரங்கள், அதாவது புலத்துக்கு இரண்டு சாத்தியமான மதிப்புகள், மிஞ்சியிருக்கின்றன என்று வையுங்கள். முதலாவது உண்மையென்றால் 0, இரண்டாவது உண்மையென்றால் 1 வரும்படி, படிப்பதற்குச் சற்று முன் தற்சுழற்சிக்குக் கொடுக்கும் கடைசி மைக்ரோ அலைத் துடிப்பின் கட்டத்தை (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை) மாற்றி வைக்கலாம். ஒரே விடையில் ஒரு சிகரம் பெரும்பாலும் சரிந்துவிடும். முன்கூட்டியே எழுதிவைத்த அளவீட்டு வரிசைக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

2016இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் இதை ஒற்றைத் தற்சுழற்சியில், நிகழ்நேரத்திலேயே செய்து காட்டினார்கள். 1.78 மில்லிடெஸ்லா அகலமுள்ள வீச்சில், ஒரு நொடி அளவீட்டுக்கு ஏறத்தாழ 6 நானோடெஸ்லா நுட்பம் கிடைத்தது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்த அகலம்தான். நுட்பம் வேண்டுமென்றால் வீச்சை விட்டுக்கொடு என்ற பழைய பேரத்தை அது உடைத்தது.

சரி, ஆபத்தே இல்லையா? இருக்கிறது. படிக்கும்போது விடை எத்தனை தடவை தவறாக வரும் என்பதை நம் கணக்கு குறைத்து மதிப்பிட்டால், வளைகோடு தவறான இடத்தில் ஒடுங்கிவிடும். அப்புறம் கேட்கும் கேள்விகளும் அந்த இடத்தைச் சுற்றியே அமையும். அதனால் படிப்புப் பிழையைத் தனியாக அளந்து கணக்கில் சேர்ப்பது கட்டாயம் என்பேன்.

வேகமும் முக்கியம். நரம்பணுவின் ஒரு துடிப்பு எழுப்பும் காந்தப்புலத்தை அளக்க நினைத்தால், அது மில்லிநொடிகளில் முடிந்துவிடும். அடுத்த கேள்வியைத் தேடுவதற்கே அத்தனை நேரம் பிடித்தால், அளக்க வேண்டிய புலம் அங்கே இருக்காது. வேகமான மின்னணுச் சுற்றை உணரியை ஒட்டியே வைத்து, மைக்ரோநொடிகளில் கணக்கை முடிக்கப் பாடுபடுவது இதற்காகத்தான்.