டவர் சிக்னல்ல கோளாறா, அளக்குற பெட்டியிலயா?

[காட்சி: சோதனை மேசை. ரேடியோ யூனிட், தடிமனான கேபிள், சிக்னல் அனலைசர்.]

டவர் உச்சியில ஆன்டெனாவை ஒட்டி ஒரு பெட்டி தொங்கும், பார்த்திருப்பீங்க. ரேடியோ யூனிட். அதுல ஒண்ணு இப்ப நம்ம மேசையில. 1800 மெகாஹெர்ட்ஸ் 4ஜி, 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், போர்ட்டுக்கு (ஆன்டெனா கேபிள் மாட்டுற ஒவ்வொரு இணைப்புக்கும்) 20 வாட்.

[நெருக்கக் காட்சி: அனலைசரின் இன்புட்.]

இது சிக்னலை அளக்குற பெட்டி, அனலைசர். இன்புட் பக்கத்துல இருக்குற பொடி எழுத்தைப் படிங்க: அதிகபட்சம் +30 டிபிஎம். டிபிஎம்ங்கிறது பவரோட அலகு. அதாவது 1 வாட். 20 வாட்டை நேரா மாட்டினா அனலைசர் காலி. அதனால நடுவுல 40 டிபி பவர் அட்டெனுவேட்டர், அதாவது சிக்னலைக் குறைக்கிற பெட்டி. டிபி-ங்கிறது எத்தனை மடங்குன்னு சொல்ற அளவு; 40 டிபி குறைச்சா பத்தாயிரத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். 20 வாட் உள்ள போனா 2 மில்லிவாட்தான் வெளிய வரும். மிச்சம் மொத்தமும் சூடு, தொட்டுடாதீங்க. இந்த 40 டிபியையும் கேபிள் இழப்பையும் அனலைசர்ல பதிஞ்சாதான் பவர் சரியா காட்டும். 43 டிபிஎம் வரணும், அதாவது அதே 20 வாட். 2 டிபி முன்ன பின்ன இருக்கலாம்.

[காட்சி: திரையில் அலைவரிசை. நடுவில் மேடு, இருபுறமும் தோள்.]

மேட்டுக்கு ரெண்டு பக்கமும் தோள் மாதிரி சரியுதே, அதுதான் பக்கத்து சேனலுக்குள்ள கசியுறது. நம்ம சேனல் பவரை விட அந்தக் கசிவு எத்தனை டிபி கீழ இருக்குங்கிற கணக்குக்குப் பேரு ஏசிஎல்ஆர். மொபைல் நெட்வொர்க்குக்குத் தரம் வகுக்குற 3ஜிபிபி அமைப்போட வரம்பு, குறைஞ்சது 45 டிபி. 20 வாட் அனுப்புற ரேடியோ, பக்கத்து சேனல்ல சுமார் 0.6 மில்லிவாட்டுக்கு மேல சிந்தக் கூடாது.

இங்க 43தான் காட்டுது. ஃபெயில்னு எழுதிடலாமா? பொறுங்க. அனலைசருக்குள்ளயும் ஒரு மிக்சர் இருக்கு, சிக்னலோட அலைவரிசையை மாத்துற பகுதி. அதுக்கு சிக்னல் அதிகமாப் போனா அதுவே இதே மாதிரி தோளை உண்டாக்கும். அனலைசரோட உள் அட்டெனுவேஷனை, அதாவது மிக்சருக்கு முன்னாடி சிக்னலைக் குறைக்கிற அளவை, 5 டிபி ஏத்துறேன்... 49! அப்போ குத்தம் ரேடியோ மேல இல்ல, நம்ம பெட்டி மேல. அதுக்காக ஏத்திக்கிட்டே போனா, அனலைசரோட சொந்த இரைச்சல் மேல வந்து எண் திரும்பவும் கெடும். நடுவுல ஒரு நல்ல இடம் இருக்கு, அதைத் தேடிப் பிடிக்கணும்.

[காட்சி: 64 புள்ளிகள், மங்கலாக.]

அடுத்தது இவிஎம். ஒவ்வொரு புள்ளியும் அனுப்புற டேட்டாவோட ஒரு குறியீடு. புள்ளிகள் தன் இடத்தை விட்டு எவ்வளவு விலகுதுங்கிற கணக்கு. 64 புள்ளி வச்சு அனுப்புற முறைக்கு, அதாவது 64 க்யூஏஎம்முக்கு, 8 சதவீதம் வரை விடலாம். 256 க்யூஏஎம்னா 3.5தான். இப்ப மேசையில இருக்குறது வேற ஒரு யூனிட், 64 க்யூஏஎம்ல 9 வருது. சிக்னலைப் பெருக்குற ஆம்ப்ளிஃபையர் திணறினா ஓரத்துப் புள்ளிகள் மட்டும் கெடும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. 4ஜியில அப்படி இல்ல. 4ஜி பயன்படுத்துற ஓஎஃப்டிஎம் முறையில டேட்டா நிறைய சின்னச் சின்ன அலைகள்ல, அதாவது சப்கேரியர்கள்ல, சேர்ந்து போகும். சிக்னல்ல ஒரு சிகரம் வெட்டுப்பட்டாலும் அந்தச் சேதம் எல்லா சப்கேரியருக்கும் பரவிடும். அதனால 64 புள்ளியும் ஒரே மாதிரி பஞ்சாத் தெரியும். பார்த்த மாத்திரத்துல காரணம் சொல்ல முடியாது.

ரேடியோவோட பவரை 3 டிபி குறைக்கிறேன். இவிஎம் 4-க்கு இறங்கிடுச்சு. ஆம்ப்ளிஃபையர்தான். இறங்காம அப்படியே நின்னிருந்தா, அலைவரிசையை உண்டாக்குற ஆசிலேட்டர் பக்கம் போயிருப்பேன்.

[காட்சி: ஆர்எஃப் ஆஃப். பிறகு கேபிளைக் கழற்றும் கை.]