கலிஃபோர்னியா ரியல் எஸ்டேட் லைசென்ஸ் தேர்வு: எப்போது தேதி எடுப்பது, எதை அதிகம் படிப்பது?

[திரையில் மூன்று எண்கள் மட்டும்: 150 கேள்விகள், 3 மணி நேரம், 70 சதவீதம்]

வணக்கம். கலிஃபோர்னியாவில் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஆக நினைப்பவர்கள் எழுத வேண்டிய சேல்ஸ்பர்சன் தேர்வு இதுதான். நடத்துவது மாநில அரசின் ரியல் எஸ்டேட் துறை. எல்லோரும் சுருக்கமாக டிஆர்இ என்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 105 விடைகள் சரியாக இருந்தால் தேறிவிட்டீர்கள்.

இந்தத் தேர்வுக்குப் படிக்கும் நம் ஆட்கள் பலரிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். புத்தகத்தை முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் படிப்பார்கள். முழுவதும் படித்து முடித்த பிறகு விண்ணப்பிக்கலாம், அதற்கப்புறம் தேதி எடுக்கலாம் என்று தள்ளிப் போடுவார்கள். இந்த வரிசையை மாற்றினால் நிறைய நாள் மிச்சமாகும், தேறும் வாய்ப்பும் கூடும். இந்த வீடியோ முழுக்க அதைப் பற்றித்தான்.

[திரையில்: மூன்று சான்றிதழ்கள்]

முதலில் பாடங்கள். லைசென்ஸ் வாங்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ரியல் எஸ்டேட் பிரின்சிபிள்ஸ், ரியல் எஸ்டேட் பிராக்டிஸ், கூடவே பட்டியலிலிருந்து நீங்களே தேர்ந்தெடுக்கும் ஒரு பாடம் என மூன்று. ஒவ்வொன்றும் 45 மணி நேரம், மொத்தம் 135. கம்யூனிட்டி காலேஜிலும் படிக்கலாம், டிஆர்இ அனுமதி பெற்ற தனியார் பள்ளியில் ஆன்லைனிலும் படிக்கலாம். ஆன்லைன் என்பதால் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு பாடத்துக்கு இரண்டரை வாரமாவது ஆக வேண்டும் என்பது விதி. மூன்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு மாதம்.

மூன்றாவது பாடத்துக்கு அக்கவுன்டிங், அப்ரைசல், எஸ்க்ரோ, பிராப்பர்ட்டி மேனேஜ்மென்ட் என்று நீளமான பட்டியல் இருக்கிறது. எது சுலபமோ அதை எடுப்பவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் அதே பட்டியலில் உள்ள சட்டப் பாடமான லீகல் ஆஸ்பெக்ட்ஸ் எடுங்கள் என்பேன். காரணம் சற்று நேரத்தில் புரியும்.

முன்பே பிராக்டிஸ் பாடத்தை முடித்து வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2024 ஜனவரி முதல் அந்தப் பாடத்தில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாடு கூடாது என்னும் நியாயமான வீட்டு உரிமைச் சட்டங்களும், நம்மை அறியாமலே நமக்குள் இருக்கும் பாரபட்சம் பற்றிய பகுதியும் கட்டாயம். உங்கள் சான்றிதழ் அதற்கு முந்தையது என்றால், விண்ணப்பிக்கும் முன் படித்த பள்ளியில் கேட்டுவிடுங்கள்.

[திரையில்: விண்ணப்பப் படிவம், அருகில் காலண்டர்]

இப்போது தேதி. மூன்றாவது சான்றிதழ் கைக்கு வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். "இன்னும் படிக்கவில்லையே" என்று தயங்க வேண்டாம். விண்ணப்பத்தை அவர்கள் பரிசீலிக்கவே சில வாரங்கள் ஆகும். எந்தத் தேதியில் வந்த விண்ணப்பங்களை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை டிஆர்இ தன் இணையதளத்தில் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காத்திருப்புதான் உங்கள் படிப்புக்கான காலம். அதை விட்டுவிட்டு, படித்து முடித்த பிறகு விண்ணப்பித்தால், படித்ததெல்லாம் மறந்து போகும் நேரத்தில்தான் தேர்வுத் தேதி வரும்.

விண்ணப்பத்தில் இரண்டு வகை. ஒன்று தேர்வுக்கு மட்டும். இன்னொன்று தேர்வு, லைசென்ஸ் இரண்டுக்கும் சேர்த்து. சேர்த்துக் கட்டினால் தேறிய பிறகு லைசென்ஸ் சீக்கிரம் வரும், ஆனால் கட்டிய பணம் திரும்ப வராது. ஏஜென்ட் வேலை செய்யப்போவது உறுதி என்றால் சேர்த்தே போடுங்கள். "எழுதித்தான் பார்ப்போமே" என்ற மனநிலையில் இருந்தால் தேர்வுக்கு மட்டும் போதும். கட்டணங்கள் 2024 ஜூலையில் ஏறிவிட்டன. தேர்வுக் கட்டணம் 60 டாலர் என்று சொல்லும் வீடியோக்கள் எல்லாம் அதற்கு முந்தையவை, இப்போது 100. கைரேகை பதிவு தனி. லைவ் ஸ்கேன் என்று பலகை வைத்த கடைகளில் எடுப்பார்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லைசென்ஸ் வாங்குவது வேறு, வேலை செய்யும் அனுமதி வேறு. எச்1பி விசா உங்களை எடுத்த நிறுவனத்தோடு கட்டுப்பட்டது. லைசென்ஸ் கையில் இருக்கிறது என்பதற்காக கமிஷன் வாங்க முடியாது. எச்4 விசாவில் வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவர்கள் நிலைமை வேறு, அவர்கள் வேலை செய்யலாம். சந்தேகம் இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். பாடம், தேர்வு, லைசென்ஸ் என்று எல்லாச் செலவும் முடிந்த பிறகு கேட்டு என்ன பயன்?

[திரையில்: கலிஃபோர்னியா வரைபடத்தில் ஐந்து புள்ளிகள்]

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் தகவல் வரும். உடனே டிஆர்இயின் ஆன்லைன் கணக்கில் நுழைந்து நீங்களே தேதி எடுக்கலாம். தேர்வு மையங்கள் ஓக்லண்ட், சாக்ரமென்டோ, ஃப்ரெஸ்னோ, லா பால்மா, சான் டியாகோ ஆகிய ஐந்து ஊர்களில் இருக்கின்றன. வீடு எங்கே இருந்தாலும் எந்த மையத்திலும் எழுதலாம். பே ஏரியாக்காரர்கள் எல்லோரும் ஓக்லண்டையே பார்ப்பார்கள். அங்கே இடம் இல்லையென்றால் சாக்ரமென்டோவைப் பாருங்கள், காலையில் கிளம்பினால் போய்விடலாம். அதோடு, யாராவது தேதியை மாற்றினால் அந்த இடம் மறுபடி திறக்கும். அதனால் முதலில் கிடைத்த தேதியை எடுத்து வைத்துக்கொண்டு, நடுநடுவே எட்டிப் பாருங்கள். ஆனால் தேதி மாற்றக் கட்டணம் உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள்.

[திரையில்: ஏழு பட்டைகள், ஒவ்வொன்றும் வேறு உயரம்]

சரி, படிப்புக்கு வருவோம். கேள்விகள் எந்தப் பகுதியிலிருந்து எத்தனை சதவீதம் வரும் என்பதை டிஆர்இயே வெளியிட்டிருக்கிறது. தொழில் நடைமுறையும், வீட்டைப் பற்றித் தெரிவித்தாக வேண்டிய விவரங்களான டிஸ்க்ளோஷரும் 25. ஒருவர் சார்பில் இன்னொருவர் செயல்படுவது பற்றிய ஏஜென்சி சட்டமும், வாடிக்கையாளருக்கு நம் கடமையும் 17. சொத்துரிமையும் நிலப் பயன்பாடும் 15. மதிப்பீடும் கணக்கும் 14. ஒப்பந்தங்கள் 12. கடன் 9. சொத்து கைமாறுதல் 8.

முதல் இரண்டையும் கூட்டினால் 42. ஒப்பந்தங்களையும் சேர்த்தால் 54. பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: யாரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் செய்யக்கூடாது, எதில் கையெழுத்து வாங்க வேண்டும். ஆனால் நாம் பயப்படுவதோ கணக்குக்கு. இஞ்சினியரிங் படித்தவர்கள்கூட வட்டிக் கணக்கையும் ஏக்கர் கணக்கையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். டிஸ்க்ளோஷர் பகுதியைக் கதை படிப்பதுபோல் ஒரு தடவை படித்துவிட்டு மூடிவிடுவார்கள். லீகல் ஆஸ்பெக்ட்ஸ் எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பகுதியில் கேள்வி எப்படி வரும் என்று ஒன்றைப் பார்ப்போம்.

[திரையில்: ஒரு வீடு, வாசலில் ஏஜென்டும் வாங்குபவரும்]

ஒரு வீட்டில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இறந்திருக்கிறார். வாங்க வந்தவரிடம் ஏஜென்ட் அதைத் தானாகச் சொல்ல வேண்டுமா? வேண்டாம். கலிஃபோர்னியா சட்டப்படி, வாங்குபவர் விலை பேசிய நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் நடந்த மரணத்தைத்தான் தானாகச் சொல்லியாக வேண்டும். சரி, அதே வாங்குபவர் நேராகப் பார்த்து, "இந்த வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா?" என்று கேட்கிறார். இப்போது? இப்போது பொய் சொல்லக்கூடாது. கேட்ட கேள்விக்கு வேண்டுமென்றே தவறான தகவல் தருவதை அந்த மூன்று ஆண்டுக் கணக்கு காப்பாற்றாது.

"மூன்று ஆண்டு" என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் முதல் கேள்வியில் தப்புவார், இரண்டாவதில் மாட்டுவார். தேர்வில் பெரும்பாலும் இரண்டாவது மாதிரிதான் வரும்: ஒரு சூழ்நிலை, அதில் சின்னதாக ஒரு திருப்பம். அதனால் ஒவ்வொரு விதியைப் படிக்கும்போதும் "நேரடியாகக் கேட்டால்?", "எழுத்தில் இல்லையென்றால்?", "கையெழுத்து போட்ட பிறகு வந்தால்?" என்று நீங்களே திருப்பிப் போட்டுப் பாருங்கள். விற்பவர் வீட்டின் குறைகளை எழுதித் தரும் டிரான்ஸ்ஃபர் டிஸ்க்ளோஷர் ஸ்டேட்மென்ட் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வந்தால், நேரில் கொடுத்திருந்தால் 3 நாளுக்குள்ளும், தபாலில் அனுப்பியிருந்தால் 5 நாளுக்குள்ளும் வாங்குபவர் பின்வாங்கலாம். மூன்றாவது கேள்விக்கு விடை அது.

இன்னொன்று, நம் ஆட்கள் தொழிலுக்கு வந்த முதல் மாதமே சந்திக்கக்கூடியது. ஃப்ரீமான்டிலோ சான் ரமோனிலோ வீடு தேடும் ஒரு குடும்பம் சொல்கிறது: "அண்ணா, நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற ஏரியாவா பார்த்துக் காட்டுங்க." கேட்பவர் மனதில் தவறு இல்லை. ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு அந்த ஆசை இயல்பு. ஆனால் ஏஜென்ட் அதன்படி ஏரியாவைத் தேர்ந்தெடுத்துக் காட்டினால் அதற்குப் பெயர் ஸ்டீயரிங். 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டு உரிமைச் சட்டத்துக்கு விரோதம். வாடிக்கையாளரே கேட்டார் என்பது பதில் ஆகாது. பட்ஜெட், படுக்கையறை, அலுவலகத்துக்கு எவ்வளவு தூரம் என்பதை வைத்து வீடுகளைக் காட்டலாம். எந்த ஏரியாவில் யார் வசிக்கிறார்கள் என்பதை அவர்களே பொதுவான தரவுகளில் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்தச் சட்டங்களைத் தேர்வுக்கான தொல்லையாக நினைக்காதீர்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். இதே கலிஃபோர்னியாவில் 1913இல் வந்த ஏலியன் லாண்ட் லா என்ற சட்டம், குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஆசியர்கள் விவசாய நிலம் வாங்குவதைத் தடுத்தது. மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது 1952இல்தான். இன்று நாம் இங்கே வீடு வாங்கவும் விற்கவும் முடிகிறது என்றால் அதன் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

[திரையில்: சாதாரண கால்குலேட்டர்]

கணக்கை முழுதாக விட்டுவிடச் சொல்லவில்லை. அமெரிக்க நில அளவில் ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, ஒரு செக்ஷன் 640 ஏக்கர், ஒரு டவுன்ஷிப்பில் 36 செக்ஷன். இவை விரல் நுனியில் இருக்கட்டும். கணக்கிலும் பொறி வைப்பது சட்டத்தில்தான். சொத்து கைமாறும்போது கவுன்டிக்குக் கட்டும் டாக்குமென்டரி டிரான்ஸ்ஃபர் டாக்ஸ் 1,000 டாலருக்கு 1.10 டாலர். வீட்டின் விலை 9 லட்சம் டாலர் என்றால் 990 டாலர் வரி. இதே வீட்டில் விற்பவரின் பழைய கடனில் 2 லட்சத்தை வாங்குபவர் அப்படியே ஏற்றுக்கொள்கிறார் என்று கேள்வியில் ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அந்தக் கடனுக்கு வரி கிடையாது. மீதி 7 லட்சத்துக்குத்தான், ஆக 770. நான்கு விடைகளில் 990-உம் கட்டாயம் இருக்கும், ஜாக்கிரதை.

பழைய நோட்ஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். நண்பர்கள் கொடுக்கும் கேள்வித் தொகுப்புகளை வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அதில் துறையின் பெயர் பீரோ ஆஃப் ரியல் எஸ்டேட் என்று இருந்தால் அது 2013க்கும் 2018க்கும் இடைப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகள் மட்டும்தான் அந்தப் பெயர். புதியதுபோல் தெரிந்தாலும் இன்னொன்றைப் பாருங்கள்: 2025 ஜனவரி முதல் வாங்குபவரும் அவருடைய புரோக்கரும், அதாவது சேல்ஸ்பர்சனைவிட மேல்நிலை லைசென்ஸ் வைத்திருப்பவரும், எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், தனிநபர் என்றால் ஒரு ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது. இது இல்லாத புத்தகத்தில் ஏஜென்சி பகுதியைப் படிக்காதீர்கள்.

[திரையில்: தேர்வு அறை மேசை, கணினி]

தேர்வு நாளுக்கு அதிகம் சொல்ல இல்லை. புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். ஃபோன் உள்ளே போகாது. புரோகிராம் செய்ய முடியாத, சத்தம் வராத சாதாரண கால்குலேட்டர் போதும். ஒரு கேள்விக்கு சராசரியாக 72 வினாடி கிடைக்கிறது. சூழ்நிலைக் கேள்விகளுக்கு அதற்கு மேலேயே ஆகும். அதனால் வரையறைக் கேள்விகளை வேகமாக முடித்து நேரத்தைச் சேமியுங்கள். தெரியாத கேள்வியில் உட்கார்ந்திருக்க வேண்டாம். எதையாவது தேர்ந்தெடுத்துவிட்டு நகருங்கள், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை.

தேறினால் "தேர்ச்சி" என்று மட்டும்தான் சொல்வார்கள், மதிப்பெண் வராது. தேறவில்லையென்றால்தான் ஏழு பகுதிகளில் எதில் எவ்வளவு என்று விவரம் வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தப் புத்தகத்தையும்விட உங்களுக்கு உதவும் தாள் அதுதான். கடனில் 50 சதவீதம் வாங்கியிருக்கலாம், டிஸ்க்ளோஷரில் 62 வாங்கியிருக்கலாம். மனம் 50ஐத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் கடன் 9 சதவீதம், டிஸ்க்ளோஷர் 25. முதலில் உயர்த்த வேண்டியது 62ஐ. மறுபடி கட்டணம் கட்டி எழுதலாம், விண்ணப்பித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும்.

தேறிய பிறகு லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம். லைசென்ஸ் நான்கு ஆண்டுக்குச் செல்லும். ஆனால் ஒரு புரோக்கரின் கீழ் சேராமல் சேல்ஸ்பர்சன் எந்த வேலையும் செய்ய முடியாது, கமிஷனும் அந்தப் புரோக்கர் வழியாகத்தான் வரும். ஆகவே தேதிக்குக் காத்திருக்கும் வாரங்களிலேயே இரண்டு மூன்று புரோக்கர் அலுவலகங்களுக்குப் போய்ப் பேசிவிடுங்கள். கமிஷனில் பங்கு எவ்வளவு, மாதக் கட்டணம் உண்டா, முதல் சில ஒப்பந்தங்களின்போது கூட இருந்து சொல்லித்தர ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். புதிதாக வருபவருக்கு முதல் இரண்டைவிட மூன்றாவதுதான் முக்கியம்.