ஐஎஸ்ஓ மேல் ஏன் பழி?

வணக்கம் நேயர்களே. வேலூரில் சித்ரா பௌர்ணமி இரவு புஷ்பப் பல்லக்கு முடிந்தால், மறுநாளே கேமராவும் கையுமாக என்னைத் தேடி வரும் தம்பிகள் உண்டு. "படம் பூரா புள்ளி புள்ளியா வந்துடுச்சிண்ணா, ஐஎஸ்ஓ ஏத்திட்டேன்" என்பார்கள்.

ஐஎஸ்ஓ என்பது கேமரா பிடித்த வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்று நாம் வைக்கும் எண். அது பாவம். புள்ளிக்கு முதல் காரணம் வெளிச்சக் குறைவு. ஒளி, கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் மேல் சீராக விழுவதில்லை, துகள் துகளாக முன்னே பின்னே விழும். ஒரு பிக்சலில் சராசரி 10,000 துகள் பதிவானால் ஏற்ற இறக்கம் 100 அளவில் இருக்கும். அது வெறும் 1 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 துகள்தான் என்றால் ஏற்ற இறக்கம் 10. அதாவது 10 சதவீதம்! நிழல் பகுதி முழுக்கப் புள்ளியாகத் தெரிவது இதனால்தான். ஐஎஸ்ஓ செய்வது ரேடியோவின் வால்யூம் திருகு செய்கிற வேலை. பாட்டோடு இரைச்சலும் ஏறும்.

ஆகவே முதலில் வெளிச்சத்தைச் சேருங்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணில் இருக்கும் யாளி எங்கேயும் ஓடாது. அனுமதி வாங்கி, ஸ்டாண்ட் போட்டு, ஐஎஸ்ஓ 100-இல் இரண்டு விநாடி திறந்து வைத்தால் பல்வரிசை வரை சுத்தமாக விழும். பல்லக்கு அப்படி நிற்காது. அங்கே லென்ஸ்தான் கைகொடுக்கும். கேமராவோடு வரும் லென்ஸை ஜூம் செய்தால் அபர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துவாரம், 5.6-க்கு மேல் திறக்காது (எண் குறையக் குறையத் துவாரம் பெரிது). 50 எம்எம் 1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 6400 கேட்ட இடத்தில் 640 போதும். ஃபோகஸ் ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம்) குறையும், அது வேறு தலைவலி.

அதற்கும் பிறகு இருட்டா? தயங்காமல் ஐஎஸ்ஓ ஏற்றுங்கள். பயந்துபோய்க் குறைத்து எடுத்து, கம்ப்யூட்டரில் வெளிச்சம் கூட்டினால் பழைய கேமராக்களில் நிழலில் கோடும் கலர் புள்ளியும் கிளம்பும். நாய்ஸை, அதாவது இந்தப் புள்ளிகளை, கம்ப்யூட்டரில் ஓரளவு குறைக்கலாம். ஐஎஸ்ஓ குறைக்க வேண்டி அதிக நேரம் திறந்து வைத்து ஆடிப்போன படத்தை என்ன செய்வது? நாய்ஸையும் அளவாகக் குறையுங்கள், அதிகமானால் பட்டுச்சேலை ஜரிகை வழவழவென்று ஆகிவிடும்.

கம்ப்யூட்டரில் 100 சதவீதம் பெரிதாக்கிப் புள்ளி தேடுவது நம்மவர்கள் வியாதி. கல்யாணப் படத்தை 8-க்கு 12 அங்குல பிரிண்ட் போட்டுக் கொடுத்தால், எந்த ஐஎஸ்ஓ என்று பெண் வீட்டார் கேட்பதில்லை. மாமா கண்ணை மூடிய படத்தை ஏன் ஆல்பத்தில் வைத்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்.